ஜோடித் தேர்வு மதிப்பீட்டை வீடியோவிலேயே கற்றுக்கொடுத்தால் ஸ்கோர் 73ஐத் தாண்ட மாட்டேன் என்கிறது. எங்கே ஓட்டை?

டர்பன்_மேற்பார்வை கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்கா, டர்பனில் சாட்ஸ்வர்த் பக்கம், ஆட்டிசமும் அறிவுத்திறன் குறைபாடும் உள்ள பிள்ளைகளுக்கான சிறிய பகல்நேர மையம். ஃபெசிலிட்டேட்டர்கள் 6 பேர், மேற்பார்வைக்கு ஒரே ஆள். ஒவ்வொருவரையும் உட்கார வைத்து விளக்கி, செய்து காட்டி, செய்ய வைத்து, திருத்திச் சொல்லிக் கற்றுக்கொடுப்பதுதான் சரியான வழி என்பது தெரியும். ஆனால் புதிதாக ஒருவர் சேரும்போதெல்லாம் அதற்கு இரண்டு முழு நாள் ஒதுக்க முடியாது. அதனால் விருப்பப் பொருள் மதிப்பீட்டை (பிள்ளைக்கு எது அதிகம் பிடிக்கும் என்று கண்டுபிடிப்பதை), அதிலும் இரண்டிரண்டாக வைத்துத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் ஜோடி முறையை, வீடியோ பார்த்துத் தாங்களாகவே கற்றுக்கொள்ளும்படி அமைத்தோம்.

இப்போது இருப்பது 22 நிமிட வீடியோ ஒன்று. முதல் 14 நிமிடம் ஸ்லைடும் பேச்சும். மீதி 8 நிமிடம் ஒரு ஃபெசிலிட்டேட்டர் இன்னொரு பெரியவரைப் பிள்ளையாக வைத்துச் செய்து காட்டுகிறார். வீட்டில் பார்த்துவிட்டு வந்து மறுநாள் ரோல் பிளே. பயிற்சியாளர் வாயே திறப்பதில்லை, செக்லிஸ்ட்டில் குறிப்பது மட்டும். ஆறு பேரின் ஸ்கோர்: 64, 71, 68, 73, 70, 66. இலக்கு, அடுத்தடுத்து இரண்டு முறை 90.

வீடியோவை இன்னும் நீட்டி விளக்க வேண்டுமா? நான்கு பேருக்கு வீட்டுமொழி ஸூலு, வீடியோ ஆங்கிலத்தில் இருக்கிறது, அதுதான் காரணமா? இந்த வழி சரிப்பட்டால் செயல்பாட்டு ஆய்வையும் (நடத்தைக்குக் காரணம் கவனமா, வேலையிலிருந்து தப்புவதா என்று கண்டுபிடிக்கும் அந்த முறையையும்) இப்படியே கற்றுக்கொடுக்கலாமா?

---

கூட்டல்_கழித்தல்:

நீட்டாதீர்கள். மொழியும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் அந்த ஆறு செக்லிஸ்ட்டையும் எடுத்து, ஆள்வாரியாகக் கூட்டியதைப் படிவாரியாகப் பிரித்துக் கூட்டுங்கள். ஆறு பேரும் 64க்கும் 73க்கும் நடுவே முட்டி நிற்கிறார்கள் என்றால் அது ஆளின் குறை அல்ல. எல்லோரும் ஒரே படிகளைத்தான் தவறவிடுகிறார்கள். அந்தப் படிகள் வீடியோவில் இருக்காது, அல்லது வாயால் சொல்லியிருப்பீர்கள், கையால் காட்டியிருக்க மாட்டீர்கள்.

ஜோடி முறையின் ஒரு சுற்றில் இருக்க வேண்டியவை: ஷீட்டில் (ஜோடிகளும் பக்கமும் அச்சடித்த குறிப்புத்தாளில்) உள்ளபடி இடம் வலம் பார்த்து இரண்டு பொருளையும் பிள்ளையிடமிருந்து ஒரே தூரத்தில் வைப்பது, ஒரே ஒரு முறை சொல்வது, 5 விநாடி காத்திருப்பது, ஒன்றைத் தொட்டதும் மற்றதை எடுத்துவிடுவது, தொட்டதைக் கொடுப்பது (தின்பண்டம் என்றால் தின்று முடிக்கும் வரை, விளையாட்டுப் பொருள் என்றால் நீங்கள் முடிவு செய்த நேரம் வரை), அடுத்த ஜோடியை வைக்கும் முன் குறிப்பது. இரண்டையும் சேர்த்து அள்ள வந்தால் கையை மெல்லத் தடுத்து, எடுத்துவிட்டு, மறுபடி வைப்பது. 5 விநாடியில் எதையும் தொடவில்லை என்றால் ஒவ்வொன்றையும் கொஞ்சம் ருசிக்கவோ தொடவோ வைத்து, மறுபடி 5 விநாடி கொடுப்பது. அப்போதும் இல்லை என்றால் 'தேர்வு இல்லை' என்று எழுதி அடுத்த ஜோடிக்குப் போவது. இதன் மூலவடிவம் ஃபிஷரும் சகாக்களும் 1992ல் வெளியிட்டது. அதில் 16 பொருள், ஒவ்வொன்றும் மற்ற எல்லாவற்றோடும் ஒரு முறை, ஆக 120 ஜோடி. மையத்தில் நாம் 8 பொருளோடு நிறுத்திக்கொள்கிறோம், 28 ஜோடி.

என் கணிப்பு: உங்கள் 8 நிமிடக் காட்சியில் பிள்ளையாக நடித்த பெரியவர் 28 முறையும் சமர்த்தாக ஒன்றைத் தொட்டிருப்பார். நிஜப் பிள்ளை அப்படிச் செய்வதில்லை, ரோல் பிளேயில் நடிப்பவரும் அப்படிச் செய்யக் கூடாது. பார்க்காததை யாரும் கற்றுக்கொள்வதில்லை.

இது வெறும் ஊகம் அல்ல. மூர், ஃபிஷர் இருவரும் 2007ல் இதே கேள்வியைச் செயல்பாட்டு ஆய்வு பயிற்சியில் வைத்துப் பார்த்தார்கள். விரிவுரை, சில உதாரணம் மட்டும் காட்டும் வீடியோ, நிகழக்கூடிய எல்லா வகையையும் காட்டும் முழு வீடியோ என்று மூன்று. இலக்கைத் தொட வைத்தது முழு வீடியோதான். நிமிடக் கணக்கு பெரிதில்லை. எத்தனை வகைச் சூழலை உள்ளே வைத்தோம் என்பதே பெரிது.

ஸ்கோர் போடும் விதத்திலும் ஒரு பொறி உண்டு. 12 சுற்று ரோல் பிளே, சுற்றுக்கு 7 படி என்று வையுங்கள். மொத்தம் 84. அதில் இரண்டு சுற்றில் பிள்ளை இரண்டையும் அள்ளுகிறது, இரண்டு சுற்றில் எதையும் தொடவில்லை. அந்த நான்கிலும் ஃபெசிலிட்டேட்டர் முக்கியமான அந்த ஒரு படியை விட்டுவிட்டார். 84ல் 80 சரி, அதாவது 95 சதவீதம். பாஸ்! ஆனால் கடினமான சூழலில் அவர் மதிப்பெண் 4க்குப் பூஜ்யம். அதனால் மொத்தத்தோடு நிறுத்தாமல் 'சாதாரணத் தேர்வு', 'இரட்டை', 'தேர்வு இல்லை' என்று தனித்தனியாகக் கணக்கிட்டு, ஒவ்வொன்றிலும் 90 கேளுங்கள். நடிப்பவர் கையிலும் எழுதிய ஸ்கிரிப்ட் இருக்க வேண்டும்: 6 சுற்று சாதாரணம், 2 சுற்று இரண்டையும் அள்ளுவது, 2 சுற்று தொடாமல் இருப்பது (ஒன்றில் ருசி பார்த்தபின் தேர்ந்தெடுக்க வேண்டும், மற்றதில் அப்போதும் கூடாது), ஒரு சுற்றில் சொல்லும் முன்பே பறிப்பது, ஒரு சுற்றில் பொருளைத் தரையில் தள்ளுவது. வரிசையை ஒவ்வொரு முறையும் கலைத்துப் போடுங்கள். இல்லாவிட்டால் நான்காவது சுற்றில் அள்ளுவார் என்று மனப்பாடம் செய்துகொண்டு வருவார்கள்.

---

கேமராவுக்குப்_பின்னால்:

அண்ணா சொன்னது சரி. நான் வீடியோ எடுக்கும் பக்கத்தைச் சொல்கிறேன்.

22 நிமிடத்தை ஒரே கோப்பாகக் கொடுத்தால் யாரும் பாதியில் நிறுத்திக் கை வைத்துப் பார்க்க மாட்டார்கள். சமைத்துக்கொண்டே ஓட விடுவார்கள், குறை சொல்லவும் முடியாது. ஆறு துண்டாக வெட்டுங்கள், அக்கா. பொருள் அடுக்குவதும் ஷீட்டும் 2 நிமிடம், சாதாரணத் தேர்வு 3, இரட்டை 2, தேர்வு இல்லை 3, பறிப்பதும் தள்ளுவதும் 2, கணக்குப் போடுவது 4. கூட்டினால் 16. உங்களிடம் இருப்பதைவிடக் குறைவு, ஆனால் பேச்சு போய் எல்லாம் செயலாகிவிடும்.

ஒவ்வொரு துண்டின் முடிவிலும் திரையைக் கறுப்பாக்கி 'நிறுத்து. பொருளை எடு. மூன்று முறை செய்து பார்' என்று போட்டு 60 விநாடி அப்படியே விடுங்கள். வீடியோவோடு ஒரு பையும் போக வேண்டும்: 8 பொருள், 28 ஜோடி அச்சடித்த ஷீட், பேனா, டைமர். பை இல்லாமல் வீடியோவை மட்டும் அனுப்புவது, மாவு தராமல் தோசை சுடச் சொல்வது போல.

கேமராவை எதிரே வைத்து எடுக்காதீர்கள். எதிரே வைத்தால் இடம் வலம் புரண்டுவிடும், அங்கேதான் ஷீட் குழப்பமே தொடங்கும். ஃபெசிலிட்டேட்டரின் தோளுக்குப் பின்னால், கொஞ்சம் உயரத்தில் வையுங்கள். அவர் கை, இரண்டு பொருள், பிள்ளையின் கை, ஷீட் நான்கும் ஒரே சட்டகத்துக்குள் வர வேண்டும். முகம் தெரிய வேண்டியதில்லை. 5 விநாடிக் காத்திருப்பில் திரையின் ஓரத்தில் 1, 2, 3, 4, 5 என்று எண் ஓட வேண்டும். 5 விநாடி சும்மா இருப்பது புதியவர்களுக்கு ஒரு யுகம். எண் ஓடாத வீடியோவைப் பார்த்தவர்கள் இரண்டாவது விநாடியிலேயே 'எடு, எடு' என்று உசுப்புவார்கள்.

குரலைக் காட்சியோடு சேர்த்துப் பதிவு செய்யாமல் பிறகு மேலே போடுங்கள். காட்சியில் இருப்பவர் பிள்ளையிடம் சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லட்டும். விளக்கம் தனிக்குரலில் வரட்டும், அந்தப் படி நடக்கும் அதே கணத்தில் வரட்டும், முன்னும் பின்னும் வேண்டாம். முக்கியமான இடத்தில் படத்தை உறைய வைத்து ஓர் அம்புக்குறி. குரல் தனியாக இருந்தால் இன்னொரு வசதி, ஸூலுவில் ஒரு தடம், ஆங்கிலத்தில் ஒரு தடம் என்று போட்டுக்கொள்ளலாம், படத்தைத் திரும்ப எடுக்க வேண்டாம். திரையில் வரும் எழுத்து ஒரு நேரத்தில் ஒரு வரி போதும், ஆறேழு சொல்லுக்கு மேல் வேண்டாம்.

கோப்பு 720பி போதும். விநாடிக்கு 1.5 மெகாபிட் வைத்தால் 3 நிமிடத் துண்டு சுமார் 34 எம்பி வரும். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது நசுக்கிவிடும், திரை எழுத்தும் ஷீட்டின் எண்ணும் மங்கிவிடும். டாக்குமென்டாக அனுப்புங்கள், அல்லது மெமரி கார்டில் போட்டுக் கையில் கொடுங்கள். டேட்டா வாங்கிப் பார்க்கச் சொல்வது நியாயமும் இல்லை. லோட் ஷெடிங் (முறைவைத்துச் செய்யும் மின்வெட்டு) முன்போல் இல்லாவிட்டாலும் கேபிள் திருட்டில் கரன்ட் போவது இருக்கவே இருக்கிறது. மையத்து டேப்லெட்டில் ஆஃப்லைனில் ஏற்றி வைத்தால் பிரச்சினை இல்லை.

தவறாகச் செய்வதையும் ஒரு துண்டாகக் காட்டுங்கள். சிவப்புச் சட்டம் போட்டு, 'இது தவறு' என்று எழுதி.

---

கூட்டல்_கழித்தல்:

கடைசி வரியில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. முதல் முறை கற்கும்போது தவறான உதாரணம் வேண்டாம். சிவப்புச் சட்டம் மறந்துபோகும், கை செய்தது நினைவில் நிற்கும். முதல் ரோல் பிளே முடிந்தபின், 90க்குக் கீழே வந்தவர்களுக்கு மட்டும், அவர்கள் தவறவிட்ட அதே படிக்குத் தவறையும் சரியையும் அடுத்தடுத்துக் காட்டுங்கள். அது வேலை செய்யும்.

---

டர்பன்_மேற்பார்வை:

மிக்க நன்றி. படிவாரியாகப் பிரித்தேன். 'தேர்வு இல்லை' என்ற சூழலில் ஆறு பேரில் ஒருவர்கூடச் சரியாகச் செய்யவில்லை. இரட்டை அள்ளலில் ஒரே ஒருவர் சரி. எதிர்பாராதது ஒன்றும் வந்தது: ஐந்து பேர் பிள்ளை தேர்ந்தெடுத்ததும் 'வெரி குட்' சொல்லிக் கை தட்டுகிறார்கள். வீடியோவில் நடித்தவரும் இரண்டு இடத்தில் அதைத்தான் செய்திருக்கிறார்! பார்த்ததை அப்படியே பிடித்துக்கொண்டார்கள்.

இரண்டு துணைக்கேள்வி. எந்தப் பொருளை வைப்பது, எவ்வளவு அளவு என்பதையும் வீடியோவிலேயே சொல்ல முடியுமா? வரிசையாக வைத்து எடுத்ததைத் திரும்ப வைக்காமல் போகும் பல்பொருள் முறைக்கும் இதே அமைப்பு போதுமா?

---

டோங்காட்_வாசி:

அந்த 'வெரி குட்' சின்னத் தவறு இல்லை, தங்கச்சி. பாராட்டினால் பிள்ளை எடுத்தது அந்தப் பொருளுக்காகவா, கைதட்டலுக்காகவா என்று பிரிக்க முடியாது. பழைய காட்சியை வெட்டி எறிந்துவிட்டு புதிதாக எடுங்கள். ஃபெசிலிட்டேட்டர் எந்தப் பொருளையும் பார்க்கக் கூடாது என்பதையும் காட்டுங்கள். கண் நடுவில், மேசை விளிம்பில் இருக்க வேண்டும். தாங்கள் வாங்கி வந்த பொருளைப் பார்த்துச் சிரிக்கும் பழக்கம் எல்லோருக்கும் உண்டு.

சொல்லும் சொல்லிலும் நம் ஊருக்கே உரிய வேடிக்கை ஒன்று இருக்கிறது. ஸூலு பேசும் ஃபெசிலிட்டேட்டர் 'எடு' என்பதற்கு 'தாத்தா' என்பார். தமிழ் வீட்டுப் பிள்ளையின் காதில் அது பாட்டனாரைத்தான் கூப்பிடும். பிள்ளை வாசலைப் பார்க்கும், 5 விநாடி ஓடிவிடும், ஷீட்டில் 'தேர்வு இல்லை' என்று விழும். எனவே பிள்ளைவாரியாக ஒரே சொல்லை முடிவு செய்து ஷீட்டின் தலையில் எழுதி வையுங்கள், ஆங்கிலத்தில் 'பிக் ஒன்' என்றாலும் சரி. வீடியோவில் அந்த வரியைக் காட்டி, 'இங்கே எழுதியிருக்கும் சொல்லை மட்டும், ஒரே முறை' என்று சொன்னால் போதும்.

பொருள் தேர்வு: பெற்றோரிடம் கேட்டு வாங்கும் ஒரு பக்கப் படிவம்தான் அடித்தளம், அதை வீடியோ செய்ய முடியாது. பிடித்தது எது என்பதோடு ஒவ்வாமை, விழுங்குவதில் சிரமம், சர்க்கரை, வீட்டில் விலக்குவது ஆகிய நான்கையும் கேளுங்கள். மார்ஷ்மெலோவில் மாட்டு ஜெலட்டின் இருக்கலாம், அதை வேண்டாம் என்கிற வீடுகள் நிறைய. புரட்டாசியில் அசைவம் நிறுத்தும் வீட்டுப் பிள்ளைக்கு ஆவணியில் எடுத்த தின்பண்ட வரிசை செல்லாது, பட்டியலே மாறிவிடும், மறுபடி எடுக்க வேண்டும்.

அளவு: 8 பொருளில் ஒவ்வொன்றும் 7 முறை மேசைக்கு வரும். எல்லா முறையும் அதையே எடுத்தால் 7 துண்டு. அதனால் நிக்நாக்ஸ் (சோள நொறுக்கு) என்றால் ஒன்றைப் பாதியாக ஒடித்தது, நார்ச்சே (சின்ன ஆரஞ்சு) என்றால் ஒரு சுளையில் பாதி, ஜூஸ் என்றால் சின்னக் கப்பில் 10 மில்லி. எல்லாப் பொருளும் கண்ணுக்கு ஏறக்குறைய ஒரே அளவில் தெரிய வேண்டும். இல்லையென்றால் பெரியதை எடுப்பதுதான் அளக்கப்படும், பிடித்ததை எடுப்பது அல்ல. தின்பண்டத்தையும் பொம்மையையும் ஒரே வரிசையில் கலக்காதீர்கள், பல பிள்ளைகளிடம் தின்பண்டம் மற்றதைக் கீழே தள்ளிவிடும். மதிய உணவு முடிந்த கையோடு தின்பண்ட மதிப்பீடு வேண்டாம். தீபாவளிக்கு மறுநாள் இனிப்பை வைத்து எடுக்கவே வேண்டாம்!

இனிப் பல்பொருள் முறை. இது டிலியோன், இவாட்டா இருவரும் 1996ல் கொடுத்தது. அமைப்பு அதேதான், ஆனால் கை வேலை வேறு, தனி வீடியோ தேவை. 7 பொருளை ஒரு வரிசையில் சம இடைவெளியில் வைக்க வேண்டும். பிள்ளை ஒன்றை எடுக்கும், 30 விநாடி வைத்திருக்கும் அல்லது தின்று முடிக்கும். அது திரும்ப வரிசைக்கு வராது. மிச்சம் இருப்பதில் இடக்கோடியில் உள்ளதை வலக்கோடிக்கு மாற்றி, மறுபடி சமமாகப் பரப்ப வேண்டும். 30 விநாடியில் எதையும் எடுக்கவில்லை என்றால் அந்த அமர்வு முடிந்தது, மிச்சம் எல்லாம் 'எடுக்கவில்லை'. மூலத்தில் 5 அமர்வு, அன்றாட வேலைக்கு 3 அமர்வாகச் சுருக்கிச் செய்வதும் உண்டு. இங்கே தவறும் இடம் இரண்டு. இடக்கோடியை வலக்கோடிக்கு மாற்றுவதை மறப்பது, அல்லது மாற்றிவிட்டு நடுவில் ஓட்டையை அப்படியே விடுவது. இதைத் தோளுக்குப் பின்னாலிருந்து எடுத்தால் போதாது, நேர் மேலிருந்து ஒரு கேமரா வேண்டும்.

இன்னொன்று கணக்கு. புதியவர்கள் 'மூன்று அமர்விலும் எடுத்தான், ஆக 100' என்று எல்லாப் பொருளுக்கும் 100 எழுதிவிடுவார்கள். எடுத்த தடவையை, அது மேசையில் இருந்த தடவையால் வகுக்க வேண்டும். மூன்று அமர்விலும் முதலாவதாக எடுத்தது 3ல் 3, 100 சதவீதம். நான்காவது, இரண்டாவது, ஐந்தாவது என்று எடுத்தது 3ஐ 11ஆல் வகுத்தால் வருவது, 27 சதவீதம். வீடியோவில் இந்த இரண்டு கணக்கையும் பேனாவால் எழுதிக் காட்டி, மூன்றாவதை அவர்களையே போடச் சொல்லி நிறுத்துங்கள். விடை அடுத்த துண்டின் தொடக்கத்தில் வரட்டும்.

---

கேமராவுக்குப்_பின்னால்:

தாத்தா விஷயம் தெரியாமல் போச்சு. நேர் மேலிருந்து எடுக்க டிரைபாட் தேவையில்லை, அலமாரியின் மேல்தட்டில் போனைக் குப்புற வைத்து, விளிம்புக்கு வெளியே லென்ஸ் மட்டும் நீளட்டும், ஒரு பட்டை டேப் ஒட்டினால் போதும்.

---

கூட்டல்_கழித்தல்:

கணக்கு என்றதும் ஜோடி முறைக்கும் சரிபார்ப்பு ஒன்று. 28 ஜோடியிலும் தேர்வு நடந்திருந்தால் எட்டுப் பொருளின் தேர்வு எண்ணிக்கையைக் கூட்டினால் 28 வர வேண்டும். 27 அல்லது 29 வந்தால் குறிப்பில் தவறு. இதை ஷீட்டின் அடியில் ஒரு கட்டமாகவே அச்சடியுங்கள், ஆள் பார்த்துத் திருத்தும் வேலை பாதி குறையும். 80 சதவீதமோ அதற்கு மேலோ எடுக்கப்பட்டது உயர் விருப்பம் என்று வைப்பது வழக்கம். 7 முறையில் 6 என்றால் 86, 5 என்றால் 71. ஆக 8 பொருள் முறையில் அந்தக் கோடு நடைமுறையில் 6ல் விழுகிறது.

எல்லாப் பொருளும் 43, 57 என்று ஒட்டிக்கொண்டு வந்தால் 'எல்லாம் சமமாகப் பிடிக்கும்' என்று எழுதிவிடாதீர்கள். ஷீட்டில் இடம் வலத்தைப் பாருங்கள். ஒவ்வொரு பொருளும் ஒரு பக்கம் 3, மறுபக்கம் 4 என்று வருகிறது. பிள்ளை எப்போதும் வலப்பக்கத்தையே தொட்டால் 7ல் 3 அல்லது 4தான் வரும், அதாவது 43 அல்லது 57. அது பொருளின் விருப்பமல்ல, பக்கத்தின் பழக்கம். பொருள்களுக்கு இடையே தூரத்தைக் கூட்டலாம், ஒன்று மேலே ஒன்று கீழே என்று வைக்கலாம், அதுவும் ஆகாவிட்டால் ஒவ்வொன்றாகக் காட்டும் முறைக்குப் போகலாம். இந்த ஷீட் ஒன்றை வீடியோவின் கடைசித் துண்டில் காட்டி 'இதில் என்ன கோளாறு?' என்று கேளுங்கள்.

ரோல் பிளேயில் குறிப்பவரும் தவறலாம். மூன்றில் ஒரு பங்கு அமர்வையாவது இரண்டாமவர் தனியாகக் குறிக்க வேண்டும். 28 சுற்றில் 25ல் இருவரும் ஒத்துப்போனால் 89 சதவீதம், பரவாயில்லை. 80க்குக் கீழே போனால் ஃபெசிலிட்டேட்டரின் ஸ்கோரை நம்பாதீர்கள், முதலில் குறிப்பவர்களைத் திருத்துங்கள்.

பயிற்சியாளர் எப்போது வாய் திறக்கலாம் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் அதை முன்பே எழுதி வைப்பது நல்லது. ஆறு துண்டும் பார்த்து இரண்டு ரோல் பிளே. இரண்டிலும் 90 என்றால் பிள்ளையோடு முதல் அமர்வு, மேற்பார்வை அருகில். இல்லையென்றால் தவறிய படியின் துண்டை மட்டும் மறுபடி பார்த்து மூன்றாவது முயற்சி. அதிலும் தேறவில்லை என்றால் வீடியோவை நிறுத்திவிட்டு நேரில் செய்து காட்டித் திருத்துங்கள். ஒருவருக்குப் பத்து நிமிடம் ஆகும், இரண்டு நாள் ஆகாது. ஒரு மாதம் கழித்து அறிவிக்காமல் ஒரு முறை பாருங்கள், முதலில் நழுவுவது எப்போதும் 'ருசி பார்க்க வைத்து மறுபடி வைப்பது' என்ற படிதான். பிள்ளைகள் தினமும் அதைக் கேட்பதில்லை, கை மறந்துவிடும்.

---

லெனேஷியா_சைக்:

மூன்றாவது கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை, நான் சொல்கிறேன்: செயல்பாட்டு ஆய்வை வீடியோ பார்த்த கையோடு தனியாகச் செய்ய விடாதீர்கள்.

மூரும் ஃபிஷரும் வீடியோவால் அந்தத் திறனைக் கற்பிக்க முடியும் என்று காட்டினார்கள், உண்மை. ஆனால் கற்பது வேறு, தனியாக நடத்துவது வேறு. விருப்பப் பொருள் மதிப்பீட்டில் தவறினால் ஒரு வரிசை தவறாக வரும், நாளை மறுபடி எடுக்கலாம். செயல்பாட்டு ஆய்வில் பிரச்சினை நடத்தையை வேண்டுமென்றே வரவழைக்கிறோம். இவாட்டாவும் சகாக்களும் 1982ல் வெளியிட்ட ஆய்வு தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்பவர்களோடு, 15 நிமிட அமர்வுகளாக, மருத்துவக் கண்காணிப்பில் நடந்தது. உங்கள் மையத்தில் நர்ஸ் இல்லை என்றால், எத்தனை அடி விழுந்தால் அமர்வை நிறுத்த வேண்டும் என்ற எல்லை எழுதி வைக்கப்படவில்லை என்றால், நடத்தை மதிப்பீட்டில் பயிற்சி பெற்ற தகுதியுள்ளவர் அறையில் இல்லை என்றால், தொடங்கவே கூடாது. காதுவலி, பல்வலி, மலச்சிக்கல் இல்லை என்பதை முதலில் மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டும். வலியால் தலையை அடித்துக்கொள்ளும் பிள்ளையிடம் 'கவனத்துக்காகவா?' என்று சோதிப்பது கொடுமை.

ஆய்வின் சோதனைச் சூழல்களைத் தனித்தனியாகப் பிரித்துக் கற்பிக்க நினைத்தால் வீடியோ உதவும் இடங்கள் உண்டு. கவனம் சூழலில் பிரச்சினை நடத்தை வந்தவுடன் மட்டும் சிறிது கவனம் கொடுத்து, மற்ற எதற்கும் திரும்பாமல் இருப்பது. வேலை சூழலில் சொல்லி, செய்து காட்டி, கைபிடித்து என்று மூன்று படியாகப் போய், நடத்தை வந்ததும் அந்த நொடியே வேலையை எடுத்து 30 விநாடி விலகுவது. விளையாட்டுச் சூழலில் எதையும் கேட்காமல், குறைந்தது 30 விநாடிக்கு ஒரு முறை இதமாகப் பேசுவது. இவற்றை ஒரு பெரியவரோடு ரோல் பிளேயில் 90 வரை கொண்டுவரலாம். பிறகு அமர்வில் உதவியாளராக இருக்கட்டும், நடத்துபவராக அல்ல. புதியவர்கள் அதிகம் சறுக்குவது கவனம் சூழலில்தான். பிள்ளை இனிமையாகக் கூப்பிட்டதும் இயல்பாகத் திரும்பிப் பார்த்துவிடுவார்கள், மனிதர்கள்தானே.

அதற்கெல்லாம் முதலில், நடத்தைக்கு முன் என்ன, நடத்தை என்ன, பின் என்ன என்று எழுதும் பதிவைக் கற்றுக்கொடுங்கள். வீடியோவுக்கு அதுதான் ஏற்றது, ஆபத்தும் இல்லை. 30 விநாடிக் காட்சி 10 எடுங்கள், ஒவ்வொன்றுக்கும் விடைத்தாள். 'கோபப்பட்டான்' என்று எழுதினால் தவறு, 'இரண்டு கையாலும் மேசையைத் தள்ளினான், இரண்டு முறை' என்றால் சரி. முன் நிகழ்வில் 'ஒன்றும் இல்லை' என்று எழுதுவார்கள். டேப்லெட்டை எடுத்தது, இன்னொரு பிள்ளையிடம் பேசத் தொடங்கியது, 'உட்கார்' என்றது எல்லாமே முன் நிகழ்வுதான் என்று காட்சியை நிறுத்தி நிறுத்திக் காட்ட வேண்டும்.

காட்சிகளில் நிஜப் பிள்ளையை வைக்காதீர்கள். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், நாம் பொப்பியா என்று சொல்வது, 2021 ஜூலை 1 முதல் முழுமையாக அமலில் இருக்கிறது. பிள்ளையின் தகவலுக்கும் உடல்நலத் தகவலுக்கும் அதில் கூடுதல் கட்டுப்பாடு. பெற்றோரோ சட்டப்படியான பொறுப்பாளரோ சம்மதிக்க வேண்டும், எதற்கு, எங்கே, எவ்வளவு காலம் என்று எழுதியும் வாங்க வேண்டும். சம்மதம் கிடைத்தாலும் அந்தக் கோப்பு ஊழியர்களின் சொந்தப் போனுக்குப் போனால் திரும்பப் பிடிக்க முடியாது. பெரியவர்களை நடிக்க வைப்பதே சுலபம், அதோடு ஸ்கிரிப்ட் படி எல்லா வகையையும் காட்ட நடிப்பவரால்தான் முடியும், பிள்ளையால் முடியாது.

---

டர்பன்_மேற்பார்வை:

செயல்பாட்டு ஆய்வை இப்போதைக்கு வைத்துவிடுகிறேன். முன், பின் பதிவுக்கான 10 காட்சியை ஜோடி முறை வீடியோ எடுக்கும் அதே நாளில் எடுக்கலாம் என்று நினைக்கிறேன், நடிப்பவர் ஒருவரே. ஒரு சந்தேகம்: பிள்ளை பொருளைத் தரையில் தள்ளும் சுற்றை எப்படிக் குறிப்பது? ஷீட்டில் அதற்குக் கட்டம் இல்லை.

---

கூட்டல்_கழித்தல்:

தள்ளும்போது ஒன்றைத் தொட்டாலும் அது தேர்வு அல்ல. ஒன்றும் பேசாமல் எடுத்து, இரண்டையும் விலக்கி, அதே ஜோடியை அதே பக்கத்தில் ஒரு முறை மறுபடி வையுங்கள். மறுபடி தள்ளினால் 'தேர்வு இல்லை'. ஓரத்தில் 'த' என்று எழுதி வையுங்கள். ஒரே அமர்வில் மூன்று 'த' வந்தால் அன்றைக்கு நிறுத்திவிட்டு மிச்ச ஜோடிகளை மறுநாள் அதே ஷீட்டில் தொடரலாம், முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. எப்போதும் ஒரே பொருள் இருக்கும் ஜோடியில்தான் 'த' வருகிறதா என்று பாருங்கள். அப்படி என்றால் அந்தப் பொருளைப் பிள்ளைக்குப் பிடிக்கவே இல்லை, அடுத்த பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.